மூடி இல்லாத ஃபிளாஸ்க்

அத்தான் ஊரைவிட்டுப் போகிறார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது ஒரு பீரோ.

நான் லிஃப்ட் மெக்கானிக். அன்று மதியம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, போய்ப் பார் என்றார்கள். அக்கா வீடு இருந்த கட்டடம்தான். எந்தப் புண்ணியவான் என்ன பாரத்தை ஏற்றித் தொலைத்தானோ என்று திட்டிக்கொண்டே மொட்டை மாடி மெஷின் அறைக்குப் போய், சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டைக் கீழ் மாடி மட்டத்துக்கு இறக்கினேன். பிறகு வந்து கதவைத் திறந்தால், உள்ளே வியர்த்து விறுவிறுத்து இரண்டு சுமை தூக்கும் ஆட்கள். நடுவில் பச்சை நிற இரும்பு பீரோ. அதன் கண்ணாடியில் திருதிருவென்று என் மூஞ்சி. கண்ணாடி ஓரத்தில் நட்சத்திர ஸ்டிக்கர்கள்.

அந்த நட்சத்திரங்களை எனக்குத் தெரியாதா? அக்கா மழலையர் பள்ளி ஆசிரியை. ஒழுங்காக எழுதிய பிள்ளைகளுக்கு நெற்றியில் ஒட்டுவாள், மிச்சத்தை வீட்டு பீரோவில் ஒட்டுவாள். அவள் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

நான்காவது மாடிக்குப் படியில் ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். அத்தான் ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டேப்பின் முனையைத் தேடுகிறவர் மாதிரி குனிந்துகொண்டார்.

"என்ன அத்தான் இது? எங்க போறீங்க?"

"பொண்ணு வீட்டுக்கு. ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. செவ்வாய்க்கிழமை கிளம்பறேன்."

"செவ்வாய்க்கிழமையா? எப்ப சொல்றதா உத்தேசம்? ரயில் ஏறினதுக்கு அப்புறமா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன், தம்பி."

தம்பி! எனக்கு எங்கே பற்றிக்கொண்டு வந்தது தெரியுமா, அந்த இடத்தில்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் என்னை 'மாப்ளே' என்றுதான் கூப்பிடுவார். என் மாமனாரும் மாப்பிள்ளை என்பார்தான், அதில் மரியாதை இருக்கும். அத்தான் சொன்னால் பாதி கிண்டல், பாதி உரிமை. இப்போது திடீரென்று நான் தம்பியாகிவிட்டேன், கடைக்கு வருகிற வாடிக்கையாளர் மாதிரி. அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். "வாங்க தம்பி, உக்காருங்க தம்பி" எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். சுமை தூக்கும் ஆட்கள் படியிலேயே நின்றுவிட்டார்கள். அம்மா அப்பா போன பிறகு எனக்குப் போய் நிற்க இருந்த ஒரே வாசல் அந்த வீடு. சாப்பிட்டாயா என்று கேட்காமல் தட்டை எடுத்து வைக்கிற வீடு. அக்கா போனாள், சரி, அதற்கு நான் யாரோடு சண்டை போட முடியும்? அத்தானும் போய்விட்டால் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் இருந்ததற்கெல்லாம் சாட்சி சொல்ல ஆளே கிடையாது. இதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "பீரோவை ஏத்தறதுக்கு முன்னாடி லிஃப்ட்ல எத்தனை கிலோன்னு எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? ஊருக்கே கண்ணாடி போட்டவரு" என்று.

மூன்று நாள் பேச்சு வார்த்தை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அத்தானிடமிருந்து செல்லில் ஒரு செய்தி வந்தது. 'நாளை காலை ஆறரை. கேட்.' அவ்வளவுதான்.

மழைக்காலம் முடிந்த பிறகு வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் காட்டுக்குப் போவோம். ஊருக்கு வெளியே வனத்துறையின் சுற்றுப்பாதை ஒன்று உண்டு. கேட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். எந்தப் பக்கம் போனாலும் மேலே வியூ பாயிண்ட்டில் போய்ச் சேரும், மறுபக்கமாக இறங்கினால் மறுபடி கேட்டுக்கு வந்துவிடலாம். இடது பக்கம் செங்குத்தான பாறைப் படிகள், தூரம் குறைவு. வலது பக்கம் ஓடையை ஒட்டி வளைந்து வளைந்து, வயதான மாடு மாதிரி மெதுவாக ஏறும்.

முதல் தடவை போனபோது அக்காவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். பிரிகிற இடத்தில் நின்று நானும் அத்தானும் பிடித்த சண்டை இருக்கிறதே! கஷ்டத்தை முதலில் முடித்துவிட வேண்டும், இடது பக்கம்தான் என்று நான். எடுத்த எடுப்பில் ஏறினால் மூட்டு பிடித்துக்கொள்ளும், உடம்பு சூடாகட்டும், வலது பக்கம்தான் என்று அவர். வெயில் ஏறிவிட்டது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"என் கிளாஸ்ல ரெண்டு பசங்க சண்டை போட்டா என்ன பண்ணுவேன் தெரியுமா? ஒருத்தன் கையில பேப்பர குடுப்பேன், இன்னொருத்தன் கையில கலர் பென்சில குடுப்பேன். எவ்வளவு நேரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருப்பானுங்க?"

டீ இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து அத்தான் பையில் போட்டாள். மூன்று டம்ளர்களை என் பையில் போட்டாள். ஃபிளாஸ்க்கின் மூடியே ஒரு கப் என்பது நினைவுக்கு வந்து, அதைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "இப்ப ஆளுக்கு ஒரு பக்கமா போங்க. மேல போய் யாருக்கு டீ வேணுமோ அவன் மத்தவன் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு வருடம் அவரோடு வலது பக்கம் வருவாள், மறு வருடம் என்னோடு இடது பக்கம். என்னோடு வரும்போது வழி நெடுகப் புருஷனைப் பற்றிக் குறை சொல்வாள். சோப்பைத் தண்ணீரிலேயே போட்டு வைக்கிறார், சொன்ன கதையையே சொல்கிறார். அவரோடு போகும்போது என்னைப் பற்றி என்ன சொன்னாளோ, மேலே வந்ததும் அத்தான் என்னைப் பார்த்து ஒரு நமட்டுச் சிரிப்பு சிரிப்பார். பாதி வழியில் ஒரு பள்ளம் வரும். அந்த இடத்தில் இரண்டு பாதைகளும் கிட்டக் கிட்ட வந்து, நடுவில் புதரும் பள்ளமுமாகப் பிரிந்து போகும். ஆள் தெரியாது, குரல் கேட்கும். அக்கா இருக்கிற பக்கத்திலிருந்து "கூ...ஊ" என்று ஒரு சத்தம் போடுவாள். எதிர்ப் பக்கத்திலிருந்து பதில் கூவ வேண்டும். கூவாவிட்டால் மேலே வந்ததும் காது திருகப்படும். நாற்பது வயதிலும் எனக்குத் திருகியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கம்பெனி ஃபிளாஸ்க்கை எடுத்து, அதில் டீயை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிப் பையில் போட்டேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டம்ளர் எடுத்துக்கலையா?"

"வேண்டாம்."

"அண்ணன் ஃபிளாஸ்க் கொண்டு வருவாரே, எதுல குடிப்பாரு?"

"அவரு என்னைக் கேட்டா வீட்டைக் காலி பண்றாரு? என் டீ எனக்கு, அவரு டீ அவருக்கு."

"நல்லா இருக்கு நியாயம்! அண்ணி இருந்திருந்தா ரெண்டு காதையும் திருகியிருப்பாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கேட்டில் அத்தான் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். தொப்பி, கைத்தடி, அதே பழைய பை. பெரிய மனுஷர்கள் மாதிரி தலையசைத்துக்கொண்டோம். வனக்காவலர் வழக்கமான ஆள்தான், வருடா வருடம் எங்களைக் கேலி செய்கிறவர். அறையிலிருந்து வெளியே வந்து எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், இந்த வருஷமும் ஆளுக்கு ஒரு பக்கமா? டீச்சரம்மா எங்க?"

நான் அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இப்படிப்பட்ட செய்தியையெல்லாம் சொல்வதற்கு எங்கள் வீட்டில் இருந்த ஆள் அவள் ஒருத்திதான்.

"இல்லப்பா" என்றார் அத்தான் கடைசியில். "இறந்துட்டா."

வனக்காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஐயோ" என்றார், மறுபடியும் "ஐயோ" என்றார். பிறகு போய்க் கேட்டை இரண்டு பக்கமும் முழுசாகத் திறந்துவிட்டார், வண்டி போவதற்குத் திறக்கிற மாதிரி. நாங்கள் இரண்டு பேர் நடந்து போக அவ்வளவு வழி தேவையே இல்லை.

பிரிகிற இடத்தில் அத்தான் நின்றார். "நீ சொல்ற பக்கமே போலாம், தம்பி. இடது பக்கமே போலாம்."

"வேண்டாம், வேண்டாம். உங்களுக்கு எது சௌகரியமோ அப்படியே போங்க."

"இல்ல, எனக்கு ஒண்ணுமில்ல."

"எனக்கும் ஒண்ணுமில்ல."

சண்டை போட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து இரண்டு பேரும் அங்கேயே வேர் பிடித்துவிடுவோம் போலிருந்தது. எனக்குப் பொறுமை போய் விறுவிறுவென்று இடது பக்கம் ஏறத் தொடங்கினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் ஓடைப் பக்கம் திரும்பிப் போவது தெரிந்தது.

முறைப்படி பார்த்தால் இந்த வருடம் அக்கா என்னோடு வர வேண்டிய வருடம். பாறைப் படிகளில் மழை ஈரம் இன்னும் காயவில்லை. மூன்றாவது வளைவில் ஒரு சாய்ந்த மரம் உண்டு, அதன் மேல் உட்கார்ந்து ஷூவுக்குள் போன கல்லை எடுப்பாள். கல்லே இருக்காது, மூச்சு வாங்க ஒரு சாக்கு. "நீ போடா, நான் கல்லை எடுத்துட்டு வர்றேன்" என்பாள். அந்த மரத்தில் நானும் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். கல் இல்லை. அழுகை வந்தது, யாரும் இல்லை என்பதால் நன்றாகவே அழுதேன். பிறகு அத்தான் மேல் மறுபடியும் கோபம் வந்தது. இவளை விட்டுவிட்டு எப்படிப் போக மனசு வருகிறது இந்த ஆளுக்கு?

பள்ளத்தருகே வந்தபோது நான் நிற்கவில்லை என்று சொல்ல ஆசைதான். நின்றேன். ஓடைச் சத்தம் கேட்டது. புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கரகரவென்று, பாதி இருமலாக, ஒரு குரல்.

"கூ...ஊ."

அத்தான் தன் வாழ்நாளில் அங்கே முதலில் கூவியதே கிடையாது. அவர் பக்கம் அக்கா இருந்தால் அவள் கூவுவாள், இல்லாவிட்டால் அவர் பதில்தான் கொடுப்பார். எனக்குத் தொண்டை வரை வந்தது. செவ்வாய்க்கிழமை ரயில் ஏறுகிறவருக்கு என்ன கூ வேண்டிக்கிடக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். இன்னொரு தடவை கூவினார். நான் நடந்தேன்.

வியூ பாயிண்ட்டில் ஒரு சிமெண்டு பெஞ்சும் இரும்புக் கம்பி வேலியும்தான். கீழே ஊர் முழுக்கத் தெரியும். அக்கா கட்டடத்தின் மேல் நீலத் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிப்பது எங்கள் போட்டி. அத்தானே ஜெயிப்பார், பிறகு என் கண்ணாடியைப் பிடுங்கித் தன் துணியால் துடைத்து, "இவ்வளவு அழுக்க வெச்சுக்கிட்டு லிஃப்ட் ரிப்பேர் பண்றானாம்" என்று திருப்பிக் கொடுப்பார்.

பெஞ்சில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கை வெளியே எடுத்தேன். மூடி இருந்தது, டீ இருந்தது. குடிக்க எந்தத் தடையும் இல்லை. ஊற்றினேன், ஆவி வந்தது, அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே நான் காத்திருக்காமல் டீ குடித்ததே கிடையாது. ஆறிப்போனதைக் கீழே ஊற்றிவிட்டு மூடியைத் திருகி வைத்தேன்.

அத்தான் வரவில்லை. வெயில் பெஞ்சுக்கு வந்துவிட்டது. எவ்வளவு மெதுவாக வந்தாலும் இந்நேரம் வந்திருக்க வேண்டும். ஓடைக்கல் வழுக்கும். கைத்தடி ஊன்றி நடக்கிறவர். கூவினாரே, அது வழக்கத்துக்குக் கூவியதா, இல்லை விழுந்து உதவிக்குக் கூப்பிட்டாரா? பையை மாட்டிக்கொண்டு வலது பக்கப் பாதையில் தடதடவென்று இறங்கினேன். "அத்தான்! அத்தான்!" என்று நான் போட்ட கூச்சலில் பறவைகள் எல்லாம் எழும்பிவிட்டன.

இரண்டாவது வளைவில் எதிரே வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை சேறு. தொப்பியைக் காணோம். என்னைப் பார்த்ததும் நின்று, கைத்தடியை என்னை நோக்கி நீட்டினார்.

"டேய் மாப்ளே! உனக்கு அறிவு இருக்கா? கூவினா பதில் சொல்ல மாட்டியா? எங்கேயோ பாறையில விழுந்து கெடக்கியோன்னு பள்ளத்துல பாதி வரைக்கும் இறங்கிட்டேன்டா! மறுபடி ஏற முடியல. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

மாப்ளே என்றதும் எனக்கு மற்றதெல்லாம் காதில் விழவே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மீதி ஏற்றத்தை இருவரும் ஒன்றாக ஏறினோம். எத்தனையோ வருடங்களில் அந்தப் பாதையில் நாங்கள் சேர்ந்து ஏறியது அதுதான் முதல் தடவை.

பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். அக்காவின் பழைய ஃபிளாஸ்க். மூடி இல்லை, உள்ளே அடைப்பான் மட்டும்.

"டம்ளர எடு" என்றார்.

நான் என் ஃபிளாஸ்க்கை எடுத்து வைத்தேன். அதன் தலையில் பளபளவென்று மூடி. அத்தான் அதைப் பார்த்தார். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க என்னால் முடியவில்லை.

"ஓ" என்றார். "தனியாவே ஏற்பாடு பண்ணிட்ட."

"கோவத்துல எடுத்துட்டு வந்துட்டேன், அத்தான். இன்னும் குடிக்கல. ஊத்தினேன், எறங்கல."

"எல்லாத்தையும் பேக் பண்ணியாச்சுடா. ஃபிளாஸ்க்க தேடி எத்தனை பெட்டியப் பிரிச்சேன் தெரியுமா? மூடி அவ வெக்கிற பிஸ்கட் டப்பாலேயே இருந்துச்சு. எடுக்கக் கை போச்சு. எடுத்தா திட்டுவாளேன்னு விட்டுட்டு வந்தேன்." கைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன்கிட்ட சொல்லாதது தப்புதான். எனக்கு உன்கிட்ட நேரா பேசியே பழக்கமில்ல மாப்ளே. எதா இருந்தாலும் அவதானே உனக்குச் சொல்லுவா. போன் எடுப்பேன், வெச்சிடுவேன்."

"போகாதீங்களேன்."

"ராத்திரி எழுந்தா அவ பக்கம் லைட் படக்கூடாதுன்னு இன்னும் இருட்டுலயே தடவிக்கிட்டுப் போறேன்டா. அந்த வீட்டுல என்னால முடியல."

அவர் ஃபிளாஸ்க்கிலிருந்த டீயை என் மூடியில் ஊற்றினேன். அவர் ஒரு வாய், நான் ஒரு வாய். சர்க்கரை போட மறந்திருந்தார். என் கண்ணாடியைப் பிடுங்கித் துடைத்துக் கொடுத்தார். நீலத் தொட்டியை இந்தத் தடவை நான்தான் முதலில் பார்த்தேன். சொல்லவில்லை. அவர் கண்டுபிடித்து "அதோ!" என்று கம்பி வேலிக்கு வெளியே கையை நீட்டும் வரை ஊரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இறங்கும்போது எந்தப் பக்கம் என்று சண்டை வந்தது. நல்ல சண்டை. அவருக்கு மூளை இல்லை என்று நானும், எனக்கு எப்போதுமே இருந்ததில்லை என்று அவரும் பேசிக்கொண்டே, சேறு பட்ட காலோடு பாறைப் படி வேண்டாம் என்று ஓடைப் பக்கமாகவே இறங்கினோம். போகிற வழியில் அவர் தொப்பி ஒரு புதரில் கிடைத்தது.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேடையில் அந்த பிஸ்கட் டப்பா மட்டும் பெட்டிக்குள் போகாமல் இருந்தது. திறந்து மூடியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"டேய், அது எதுக்கு உனக்கு? ஃபிளாஸ்க் என்கிட்ட இருக்கு, மூடிய வெச்சு நீ என்ன பண்ணப் போற?"

"ஃபிளாஸ்க் உங்ககிட்டயே இருக்கட்டும். மூடி என்கிட்ட இருக்கும்."

அத்தான் அந்த ஃபிளாஸ்க்கைச் சாமான் பெட்டியில் வைக்காமல், கையோடு கொண்டுபோகிற பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். செவ்வாய்க்கிழமை நானே போய் ரயில் ஏற்றிவிட்டேன். பீரோவைப் படி வழியாக இறக்கச் சொல்லியிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அத்தானின் மகள் போன் செய்தாள். "மாமா, அப்பா ஒரு ஃபிளாஸ்க்க மூடி இல்லாம வெச்சுக்கிட்டு அடம் பிடிக்கிறாரு. புதுசு வாங்கித் தரேன்னாலும் வேண்டாங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்."

"அது அப்படித்தான்மா இருக்கும். நீ அதத் தொடாத."

அவளுக்குப் பின்னால் அத்தான் குரல் கேட்டது, நேராக என்னிடம் பேசப் பழகாத குரல். "அங்க மழை எப்ப விடும்னு உன் மாமன கேளு."

அந்த வருட மழை விட்டுத்தானே அவர் போனார். அடுத்த மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. நான் சட்டைப்பையில் இருந்த மூடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"முதல்ல ஆரம்பிக்கட்டும்னு சொல்லும்மா" என்றேன். "விட்டதும் நானே கூவறேன்."